உன் அப்பா நெல்லில் சறுக்கவில்லை

மகனே,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிப் பழகிய கை இது. இன்று அப்படித் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். என் கோபமே அதுதான். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. தங்க எழுத்து, வெல்வெட் அட்டை. அதை அப்பாவின் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அவர் தினமும் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைக்கிறார். கல்யாணம் முடிகிறவரை உன்னிடம் எதுவும் சொல்லக் கூடாது என்பது அவர் எனக்குப் போட்டிருக்கும் கட்டளை. அந்தக் கட்டளையை மீறித்தான் இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் காலை உடைத்தது நம் குத்தகைக்காரன் தங்கராசுவின் நெல் இல்லை. நீ வீட்டு வாசலில் உட்கார்ந்து மாட்டிய பிரேக் குழாய்தான். இது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போன வாரத்திலிருந்து தங்கராசுவுக்கும் தெரியும். தெரியாதவன் நீ ஒருவன்தான். அந்தச் சலுகையை இன்றோடு உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறேன்.

தை அறுவடைக்கு நீ சென்னையிலிருந்து வந்திருந்தாய். அறுவடைக்கு வந்தாய் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. வயல் பக்கம் ஒருநாளும் நீ போகவில்லை. கொட்டகையில் நின்ற பழைய பைக்கைப் பார்த்ததும் உனக்கு ஒரு பாசம் பொங்கியது. அப்பாவின் வலது முட்டி தேய்ந்துபோனதால் பின்பிரேக்கை மிதிக்க முடியவில்லை, முன்பிரேக்கை மட்டும் நம்பித்தான் ஓட்டுகிறார் என்று நான்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன். “அப்ப முன்னாடி சும்மா நச்சுன்னு பிடிக்கிற மாதிரி பண்ணிடுறேன்மா” என்றாய். ரப்பர் குழாய் பழசாகி உப்பிவிடுமாம், இரும்புக் கம்பி பின்னிய குழாய் போட்டால் விரலை வைத்தாலே வண்டி நின்றுவிடுமாம். பார்சல் வந்தது. அந்தக் குழாய் உன் நிச்சயதார்த்த மோதிரத்தைவிடப் பளபளவென்று இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். தெருமுனையில் மெக்கானிக் கடை இருக்கிறதே என்றேன். நீ சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. என்ஜினீயரிங் படித்த பிள்ளை பஞ்சர் ஒட்டுகிறவனிடம் போவதா என்று கேட்கிற சிரிப்பு.

துணி துவைக்கிற கல்லில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டாய். அதில் ஒரு வெள்ளைக்காரர் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு நிதானமாக ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். நீ அவரை வேகமாக ஓட்டி ஓட்டிப் பார்த்தாய். பழைய குழாயைக் கழற்றினாய், புதியதை மாட்டினாய், செம்பு வாஷர் போட்டு முறுக்கினாய். அதுவரை குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகுதான் காற்று எடுக்கும் வேலை. குழாய்க்குள் எண்ணெய் மட்டும் இருக்க வேண்டும், ஒரு சொட்டுக் காற்றுகூட இருக்கக் கூடாது என்றாய். எனக்கா சொன்னாய்? ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் குளுக்கோஸ் குழாயில் விரலால் சுண்டிச் சுண்டிக் காற்றை வெளியேற்றியவள் நான். குமிழி போகாமல் ஊசியை நரம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது எனக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயமே இல்லை. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டாய். மேலே நான் லீவரை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். கீழே நீ ஸ்பானரால் திருகைத் திறந்து எண்ணெயையும் காற்றையும் வெளியே விட்டு, திருகை மூடிவிட்டு, ‘விடு’ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் கையை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் கையை எடுத்தால், வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பிவிடும். மேலே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் தீர்ந்தாலும் அதே கதிதான். உலகத்தில் இதைவிடச் சின்ன விதி இருக்க முடியாது.

அந்த நேரத்தில் உன் வருங்கால மனைவியிடமிருந்து போன் வந்தது. வீடியோ நின்றது, நீ ஹெட்போனை மாட்டினாய். ஒரு கையில் ஸ்பானர், வாயில் கொஞ்சல். “விடும்மா” என்றாய். “நீ இன்னும் மூடலப்பா” என்றேன். “மூடிட்டேம்மா, விடு” என்றாய். நான் பிடித்துக்கொண்டே நின்றேன். “ஏம்மா இப்படிப் படுத்துற, விடுன்னா விடு” என்று கையைத் தட்டிவிட்டாய். திருகிலிருந்து எண்ணெய் பிடிக்கிற பாட்டிலுக்குப் போகும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் குமிழி பின்னோக்கி ஏறியதை என் கண்ணால் பார்த்தேன், உன்னிடம் சொல்லவும் செய்தேன். கிண்ணத்தில் எண்ணெய் அடியில் கிடந்தது, அதையும் சொன்னேன். “நீ சிஸ்டர்மா, மெக்கானிக் இல்ல” என்றாய், போனில் இருந்த பெண்ணும் சிரித்தாள் போலிருக்கிறது, நீயும் சேர்ந்து சிரித்தாய். கடைசியில் லீவரை அமுக்கிப் பார்த்தபோது அது பஞ்சு மாதிரி உள்ளே போய்க் கைப்பிடியைத் தொட்டது. நீ அதை நாலைந்து தடவை படபடவென்று அமுக்கினாய், இறுகியது. “பாத்தியா, பிடிக்குது. ஓட ஓடச் சரியாயிடும்” என்று சொல்லிக் கை கழுவப் போனாய். அமுக்கி அமுக்கி இறுக்கினால் பிடிக்கும் பிரேக் எதிரே வண்டி வரும்போது எப்படிப் பிடிக்கும் என்று நான் கேட்டது உன் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும். அப்பாவிடம் அந்த வண்டியைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். “புள்ள ஆசையா பண்ணியிருக்கான், ஓட்டிப் பாக்கலேன்னா மூஞ்சி தொங்கிடும்” என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் உன் ஆசையை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

பாபநாசம் போகும் ரோட்டுக்கு முன்னால், மதகுத் திருப்பத்தில், ரோட்டில் பாதியை அடைத்துத் தங்கராசு நெல்லைக் காயப்போட்டிருந்தான். எல்லாரும்தான் போடுகிறார்கள். மழையில் நனைந்த நெல்லை அப்படியே கொண்டுபோனால் அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பி அனுப்புகிறார்கள், களம் இல்லாதவன் ரோட்டைத்தானே தேடுவான். நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன் அவன். அது நம் வயலில் விளைந்த நெல். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் திரும்பியது. அப்பா லீவரைப் பிடித்தார். அது கைப்பிடி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அறுவைசிகிச்சைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறேன். “பிரேக் பிடிக்கவே இல்ல. நேரா போயிருந்தா மதகுச் செவத்துல மண்டை செதறியிருக்கும். வேணும்னுதான் நெல்லு மேல ஏத்துனேன். நெல்லுதான் வேகத்த உள்ள இழுத்துச்சு. காலோட போச்சு. பையன்ட்ட சொல்லிடாத. நெல்லுல சறுக்குனதாவே இருக்கட்டும்.” அந்த நெல் அவர் உயிரைக் காப்பாற்றியது. ஓடி வந்து அவரைத் தூக்கிக் காரில் போட்டு, தஞ்சாவூர் வரை அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் தங்கராசு. அவன் வேட்டி முழுக்க ரத்தம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ அவனை அடிக்கப் போனாய்.

நான் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்த அந்த நாட்களில் நீ ஊரில் என்ன செய்தாய் என்பதைப் பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மதகுக்குப் போனாயாம். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து பார்த்தார்களாம். “ஒன் நெல்லாலதான் எங்கப்பா கால் போச்சு. நீயே தள்ளு, எல்லாத்தையும் வாய்க்கால்ல தள்ளு” என்றாயாம். நீ ஒரு நெல்மணிகூடத் தொடவில்லை. நெல் தள்ளும் பலகையை அவன் கையிலேயே கொடுத்து, அவனைக்கொண்டே தள்ள வைத்தாய். அவனும் தள்ளினான். தன்னால்தான் ஒரு மனிதருக்குக் கால் போனது என்று நம்பியவன் வேறென்ன செய்வான்? “தெரியாம போச்சு தம்பி, தெரியாம போச்சு” என்று சொல்லிக்கொண்டே தள்ளினானாம். வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு வருஷப் பாடு ஊறி முளைத்துக் கிடந்தது. அதோடு உனக்கு வயிறு நிறையவில்லை. கட்டுப் போட்ட அப்பாவின் காலைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டு, ரோட்டில் நெல் காயப்போடுகிறவர்கள் கொலைகாரர்கள் என்று எழுதினாய். அவன் பெயரையும் எழுதினாய். உன் நண்பர்கள் அழுகிற பொம்மை போட்டார்கள், பொங்கினார்கள், அதை எங்கெங்கோ அனுப்பினார்கள். நிலத்தை அவனிடமிருந்து திரும்ப வாங்கி, அறுவடை மிஷின் வைத்திருக்கிற ஓர் ஆளுக்குக் குத்தகை பேசிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினாய். அப்பா மயக்கமருந்து தெளியாமல் தலையாட்டியதைச் சம்மதம் என்று ஊரில் சொன்னாய்.

கொட்டகையில் அந்த வண்டி அப்படியே நிற்கிறது. விளக்கு உடைந்திருக்கிறது, கைப்பிடி கோணியிருக்கிறது. நீ மாட்டிய குழாய்க்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. நேற்றுகூடப் போய் லீவரை அமுக்கிப் பார்த்தேன், கைப்பிடியைத் தொடுகிறது. இத்தனை நாளில் நீ ஒரு தடவை குனிந்து அமுக்கிப் பார்த்திருந்தால் போதும், உனக்கே தெரிந்திருக்கும். நீ பார்க்கவில்லை. நெல் என்று யாரோ சொன்னதும் உனக்குப் போதுமாக இருந்தது. தப்பு வேறு ஒருவன் தலையில் விழுந்ததும் நிம்மதியாகிவிடுகிற பிள்ளையாக உன்னை வளர்த்தது யார் என்று கேட்டால், அது உன் அப்பா. நீ நடை பழகும்போது விழுந்து அழுதால், எல்லார் வீட்டிலும் செய்வதுபோல அவரும் தரையை அடிப்பார். “எம்புள்ளைய விழ வச்சியா, விழ வச்சியா” என்று தரையை நாலு சாத்து சாத்துவார், நீ அழுகையை நிறுத்திச் சிரிப்பாய். எல்லாரும் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அதை நிறுத்திவிடுவார்கள். இவர் நிறுத்தவே இல்லை. கணக்கில் நீ தோற்றபோது வாத்தியாரைச் சாத்தினார். மிக்ஸியைப் பிரித்து நீ எரியவிட்டபோது கரண்டைத் திட்டினார். முதல் வேலையை விட்டு உன்னை அனுப்பியபோது மேனேஜரைத் திட்டினார். இந்த முறை அவர் காலே உடைந்து கிடந்தபோதும் உனக்காகத் தரையை அடிக்கத்தான் கையை நீட்டினார். அடி வாங்கியது தங்கராசு. நல்ல மனிதர் உன் அப்பா, நான் மறுக்கவில்லை. அவருடைய நல்ல குணம்போல ஒரு கெடுதலை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நாலு மாதம் நீயும் ஏன் சும்மா இருந்தாய் என்று என்னைக் கேட்பாய். கேள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் போன வாரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்; அந்த இடம் நீ இல்லை. தங்கராசு இப்போது லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறான். இந்த வயதில், அந்த முதுகோடு. வீட்டுக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டான். நடந்ததை நடந்தபடி சொன்னேன், லீவரை நான் பிடித்து நின்றதிலிருந்து அப்பா சொன்னது வரை. அவன் மனைவிதான் முதலில் பேசினாள். “அப்ப அன்னிக்கு வாய்க்கால்ல போனது, சாரோட உசுரக் காப்பாத்துன நெல்லா சிஸ்டர்?” என்றாள். நான் தலையாட்டினேன். தங்கராசு, “ராத்திரியில அந்தக் கால் என் மடியில இருக்குற மாதிரியே இருக்கும் சிஸ்டர். நாந்தான் ஒடச்சேன்னு நெனச்சுக்கிட்டே படுத்துருப்பேன்” என்றான். “நீ உடைக்கலப்பா” என்றேன். “நீங்க சொல்லிட்டீங்க. ஊரு கேக்கணும்ல. நெல்லு போட்டுக் கால ஒடச்சவன்னு சொல்லி ஒருத்தரும் நெலம் தர மாட்டேங்குறாங்க. தம்பி வாயால சொன்னது, தம்பி வாயாலதான் அழியும்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு அவனே, “தம்பி கல்யாணம் முடியட்டும் சிஸ்டர்” என்றான். உன் கல்யாணத்தை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் எல்லாருமே உன்னால் உடைந்தவர்களாக இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், நிலத்தை அவனுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று. “கல்யாணம் முடியட்டும். இப்பத் தெரிஞ்சா அவன் மனசு ஒடிஞ்சிரும்” என்றார். “கால் ஒடிஞ்சவரு பேசுற பேச்சாங்க இது?” என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் தண்ணீருக்கு உன் கல்யாணத் தேதி தெரியாது. மேட்டூர் திறந்துவிட்டால் வந்துவிடும். குறுவைக்கு நாற்று விடுகிற நேரம் இதுதான். அந்த மிஷின்காரர் அடுத்த வாரம் உழவு ஓட்டப் போகிறார். ஓட்டிவிட்டால் இந்த வருஷம் தங்கராசுவுக்கு நிலம் இல்லை, அடுத்த வருஷம் அவனுக்கு முதுகு இல்லை. உன் தேன்நிலவு முடிந்து நீ சாவகாசமாக மனம் வருந்தும்போது அங்கே நெல் பூத்திருக்கும், வேறு ஒருவனுடைய நெல்.

போன செவ்வாய்க்கிழமை போனில் ஒன்று சொன்னாயே, அதுதான் என்னை இந்தக் காகிதத்தின் முன்னால் உட்கார வைத்தது. புது பைக்கிற்கும் அதே குழாயை நீயே மாட்டிவிட்டாயாம், அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தில் வைத்து. “இப்பக் கை வந்துருச்சும்மா, ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டேன்” என்றாய். கை வந்துவிட்டதாம்! முதல் தடவை என்ன செய்தோம் என்றே தெரியாதவனுக்கு இரண்டாம் தடவை எப்படிக் கை வரும்? கல்யாணமாகும் பிள்ளைக்குத் தாய் நிறையப் புத்தி சொல்லலாம். இருவர் சேர்ந்து செய்யும் வேலை, ஒருவர் பிடிக்க ஒருவர் திறக்க, என்று ஆரம்பித்து இந்தப் பிரேக்கை வைத்தே இல்லறத்துக்கு ஒரு பிரசங்கம் செய்துவிடலாம். அந்த அலங்காரம் எல்லாம் உனக்கு நான் செய்யப்போவதில்லை. நான் சொல்லும் புத்தி ஒன்றுதான். இதைப் படித்து முடித்ததும் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஓட்டிக்கொண்டு இல்லை, தள்ளிக்கொண்டு ஒரு கடைக்குப் போ. காசு கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில். இதன் நகல் ஒன்று உன் வருங்கால மனைவிக்கும் போகிறது. இனிமேல் லீவரைப் பிடிக்கச் சொல்லி நீ கூப்பிடப் போவது அவளைத்தான். உன் பின்னால் உட்காரப் போகிறவளும் அவள்தான். அதனால் கல்யாணம் நின்றால் நிற்கட்டும். எனக்கு ஒரு மருமகள் இல்லாமல் போவதைவிட, ஒரு பெண்ணுக்குக் கால் இல்லாமல் போவது பெரிது.

இதைப் படித்ததும் நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு அழுகை சுலபமாக வரும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நன்றாகத்தான் அழுதாய். அப்பாவுக்குப் போன் செய்து அவரிடம் அழாதே. அவர் மறுபடியும் உனக்காக யாரையாவது அடிக்கத் தேடுவார், பக்கத்தில் நான்தான் இருப்பேன். என்னிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உன்னைப் பெற்றவள் நான், மன்னிப்பு என்னிடம் ஊறிக்கொண்டேதான் இருக்கும், அதை நினைத்துத்தான் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது. நீ போக வேண்டிய இடம் மதகு. சனிக்கிழமை காலை டீக்கடையில் கூட்டம் இருக்கும் நேரமாக வா. எந்த ஆட்களுக்கு முன்னால் அவனை நெல் தள்ள வைத்தாயோ, அவர்களுக்கு முன்னால் நின்று, பிரேக்கைச் சரியாகப் போடாதது நான், எங்கப்பாவைக் காப்பாற்றியது இவர் நெல், என்று உன் வாயால் சொல். அந்த மிஷின்காரரையும் கூப்பிட்டு, நிலம் தங்கராசுவுக்குத்தான் என்று சொல். ஸ்டேட்டஸில் எழுதத் தெரிந்த கைக்கு அதையும் அங்கேயே எழுதத் தெரியும்.

வரமாட்டாய் என்றால் அதற்கும் நான் வழி வைத்திருக்கிறேன். நம் சர்ச்சில் உன் கல்யாண ஓலை இரண்டு வாரம் வாசித்தாயிற்று. வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை. உன் பெயரையும் அவள் பெயரையும் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். ஒரு மரியாதைக்குக் கேட்பது. யாரும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. நான் எழுந்து நிற்பேன். ஊர் முழுக்க அங்கே இருக்கும், இல்லாதவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி போய்விடும். இது தடையில் சேராது, உட்காருங்கள் என்று போதகர் சொல்வார். சொல்லட்டும், அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். உன் அப்பா பக்கத்தில் வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்து என் சேலையை இழுப்பார். ஆனால் எழுந்து நின்று என் வாயைப் பொத்த அவரால் முடியாது. அவர் எழ முடியாதபடிதான் நீ செய்து முடித்துவிட்டாயே.

அம்மா